கராத்தே போட்டியை அரங்குக்குள் படமெடுக்க எந்த லென்ஸ்?

பள்ளி அரங்கும் உள்விளையாட்டு அரங்கும் கண்ணுக்கு வெளிச்சமாகத்தான் தெரியும். கேமராவுக்கு அவை இருட்டு. புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் நீளமான ஜூமைத் தேடிப் போகிறார்கள். 70-300 மாதிரி ஒன்றை வாங்கிவிட்டு, படமெல்லாம் கலங்கி வருகிறதே என்று கேமராவைத் திட்டுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது அந்த லென்ஸ் எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடும் என்பதைத்தான்.

படி 1: வாங்குவதற்கு முன் வெளிச்சத்தை அளந்து பாருங்கள்

கையில் உள்ள 18-55 கிட் லென்ஸோடு, விளக்கு போட்டுப் பயிற்சி நடக்கும் நேரத்தில் அரங்குக்குப் போங்கள். கேமராவை மேனுவல் மோடில் வைத்து, 55 மி.மீ., எஃப் 5.6 (லென்ஸின் திறப்பு; எண் சிறிதானால் அதிக வெளிச்சம் உள்ளே வரும்), ஷட்டர் 1/800 நொடி என்று அமையுங்கள். ஒருவருடைய முகம் சரியாகத் தெரியும்வரை ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்; ஏற ஏறப் படத்தில் புள்ளிகள் கூடும்) ஏற்றிக்கொண்டே போங்கள். சுமாரான அரங்கில் அது 12800 பக்கம் போய் நிற்கும். அதே வெளிச்சத்தில் எஃப் 2.8 லென்ஸுக்கு 3200 போதும், எஃப் 1.8 என்றால் 1300 அளவிலேயே வேலை முடிந்துவிடும். முகத்தில் புள்ளி புள்ளியாக வருவதும் வராததும் இங்கேதான் முடிவாகிறது.

ஷட்டரைக் குறைத்துச் சமாளிக்க முடியாது. 1/250இல் உடம்பு நிற்கும், கால் கரைந்துவிடும். பஞ்சுக்கு 1/500 ஓரளவு தாங்கும். கிக்குக்கு 1/800 முதல் 1/1000 வரை தேவை. லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை நடுக்கத்தை மட்டுமே தடுக்கும், எதிரே பறக்கும் காலை நிறுத்தாது. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்: மோதலின் நடுவே கண்ணில் அடித்தால் ஆபத்து.

படி 2: தூரத்தைக் கணக்கிடுங்கள்

குமிதே, அதாவது இருவர் மோதும் போட்டியின் களம் 8 மீட்டருக்கு 8 மீட்டர். அதைச் சுற்றிப் பாதுகாப்புப் பகுதி உண்டு. அதற்கு வெளியே உட்கார்ந்தால் களத்தின் நடுப்பகுதி உங்களிடமிருந்து ஏறத்தாழ 6 மீட்டர். இருவரும், நீட்டிய காலும் சேர்ந்து அடங்க 3.6 மீட்டர் அகலம் வேண்டும். அதற்கு ஒரு சுலபக் கணக்கு: தூரத்தை மீட்டரில் எடுத்து, ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமரா என்றால் 10ஆலும், ஏபிஎஸ்-சி (அதைவிடச் சிறிய சென்சார்) என்றால் 6.5ஆலும் பெருக்குங்கள்; வருவது தேவையான லென்ஸின் மி.மீ. 6 மீட்டருக்கு ஃபுல் ஃப்ரேமில் 60 மி.மீ., ஏபிஎஸ்-சியில் 39 மி.மீ. வரும். 15 மீட்டர் தள்ளி கேலரியில் இருந்தால் 150ம் 98ம்.

படி 3: லென்ஸைத் தேர்ந்தெடுங்கள்

ஏபிஎஸ்-சி வைத்திருப்பவர் களத்தோரம் உட்கார முடிந்தால் 35 மி.மீ. எஃப் 1.8 முதல் தேர்வு. 50 மி.மீ. எஃப் 1.8 அதைவிட மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் 6 மீட்டரில் அதன் சட்டத்துக்குள் (ஃப்ரேம்) அடங்குவது 2.8 மீட்டர் அகலம், 1.9 மீட்டர் உயரம்தான்; எகிறி உதைத்தால் தலையோ காலோ வெட்டுப்படும். களத்தின் மறுபாதியில் நடப்பதற்கும் ஒருவரை மட்டும் நெருக்கமாக எடுப்பதற்கும் அது நன்றாகவே உதவும்.

ஃபுல் ஃப்ரேமில் களத்தோரத்துக்கு 50 மி.மீ. அல்லது 24-70 எஃப் 2.8. 85 எஃப் 1.8 தனி ஆளை எடுக்க அருமை. ஆனால் 6 மீட்டரில் முழுதாகத் திறந்தால் கூர்மையாக இருக்கும் ஆழம் அரை மீட்டர்தான். ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக நின்றால் ஒரு முகம் மங்கிவிடும். திறப்பை எஃப் 2.2க்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேலரியிலிருந்துதான் எடுக்க முடியும் என்றால் 70-200 எஃப் 2.8க்கு மாற்று சொல்வது கடினம். விலை பல மடங்கு, எடையும் 1.5 கிலோ பக்கம் வரும். வருடத்துக்கு இரண்டு போட்டிதான் என்றால் நாள் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம்.

படி 4: ஃபோகஸ் மோட்டாரைச் சோதியுங்கள்

பழைய லென்ஸ் வாங்குபவர்கள் ஏமாறும் இடம் இது. நிக்கான் ஏஎஃப் 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. டி3500, டி5600 போன்ற கேமராக்களிலும் மோட்டார் இல்லை. இரண்டும் சேர்ந்தால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். கராத்தேவுக்கு அது உதவாது. நிக்கான் லென்ஸின் பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருக்கிறதா பாருங்கள்; இருந்தால் உள்ளே மோட்டார் உண்டு. எந்த நிறுவனமாக இருந்தாலும் கடையிலேயே தொடர் ஃபோகஸ் போட்டு, உங்களை நோக்கி நடந்து வருபவரைத் தொடர்ச்சியாகப் படமெடுத்துப் பாருங்கள்.

படி 5: போட்டி நாளில்

போட்டியாளர்கள் இருவரும் பக்கவாட்டில் தெரியும் பக்கத்தில் இடம் பிடியுங்கள். மூலையில் உட்கார்ந்தால் ஒருவர் இன்னொருவரை மறைப்பார்.

வெளிச்ச அமைப்பை மேனுவலிலேயே வைத்திருங்கள். ஆட்டோவில் விட்டால், வெள்ளை உடை சட்டத்தை நிறைக்கும்போதெல்லாம் கேமரா படத்தை இருட்டாக்கும், முகம் கறுத்துவிடும். சிவப்பு, நீலத் தரைவிரிப்பின் (மேட்) நிறம் கீழிருந்து முகத்தில் அடிக்கும். அதைப் பிறகு சரிசெய்ய ரா (கேமரா பதப்படுத்தாத) கோப்பாக எடுப்பது நல்லது.

தொடர்ந்து எடுத்த படங்களில் ஒன்று வெளுத்தும் அடுத்தது மஞ்சளாகவும் வந்தால் லென்ஸ் மேல் பழி போடாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. மெனுவில் ஃப்ளிக்கர் குறைப்பு இருந்தால் அதைப் போடுங்கள்.

கட்டாவை, அதாவது ஒருவர் தனியே செய்துகாட்டும் அசைவு வரிசையை எடுப்பது இதைவிட எளிது. ஆள் ஒருவர்தான், அசைவு முடிந்து உறையும் நொடியில் 1/250கூடப் போதும். அரங்கம் அமைதியாக இருக்கிறதே என்று சைலன்ட் ஷட்டருக்கு மாற்றினால், பல கேமராக்களில் அதே விளக்குத் துடிப்பு படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும். மெக்கானிக்கல் ஷட்டரிலேயே வைத்து, ஒரு அசைவுக்கு ஒரு படம் மட்டும் எடுங்கள்.