வீட்டிலேயே சேலம் தட்டு வடை செட்: முதல்முறை செய்பவர்களுக்கு

சாயங்காலம் சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாப்பேட்டை என்று எந்தப் பக்கம் நடந்தாலும் தட்டு வடை செட் வண்டி ஒன்று கண்ணில் படும். உள்ளங்கையைவிடச் சின்னதாக இரண்டு தட்டு வடை (தட்டை என்பதும் இதுதான்), நடுவில் கேரட், பீட்ரூட் துருவல், வெங்காயம், சிவப்பும் பச்சையுமாக இரண்டு சட்னி. அவ்வளவுதான் செட். எண்ணெய்ப் பலகாரம்தான், காரமும் தூக்கல்தான். ஆனாலும் ஒரு பிளேட்டோடு யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை. நொறுக்குத்தீனியில் எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

வீட்டில் செய்வது கஷ்டமில்லை. தண்ணீர் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். சட்னி நீர்த்தாலோ, காய் நீர் விட்டாலோ வடை நமத்துவிடும். நமத்த செட்டைச் சாப்பிடுவதில் ஒரு சுகமும் இல்லை.

முதல் படி: தட்டு வடை

கடையில் நல்ல தட்டை கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் அது சின்னதாக, மெல்லியதாக, உப்புக் காரம் குறைவாக இருக்க வேண்டும். பெரிய தட்டையை வாயில் முழுதாகப் போட முடியாது.

வீட்டில் செய்வதாக இருந்தால் 2 கப் பச்சரிசி மாவு, 2 மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு, 2 மேசைக்கரண்டி வறுத்து அரைத்த உளுந்து மாவு எடுத்துக்கொள்ளுங்கள். 1 மேசைக்கரண்டி கடலைப்பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, நீரை ஒட்ட வடித்துச் சேருங்கள். அப்புறம் அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், கொஞ்சம் பெருங்காயம், கிள்ளிய கறிவேப்பிலை, உப்பு. கடைசியாக 2 மேசைக்கரண்டி வெண்ணெய் போட்டு, மாவு முழுக்கப் பரவும்படி விரலால் பிசறுங்கள். வெண்ணெய் குறைந்தால் வடை கல் மாதிரி இருக்கும். கூடிப்போனால் எண்ணெயில் போட்டதும் உதிர்ந்துவிடும். பிறகு தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கெட்டியாகப் பிசையுங்கள்.

கோலிக்குண்டு அளவு உருண்டை எடுத்து, எண்ணெய் தடவிய இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்து, அடிப்பக்கம் தட்டையான கிண்ணத்தால் ஒரே அழுத்து. முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்திவிடுங்கள், இல்லாவிட்டால் பூரி மாதிரி உப்பிவிடும். இந்த அளவுக்கு ஏறக்குறைய 50 வடை வரும்.

எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க மாவில் ஒரு துளி கிள்ளிப் போடுங்கள். உடனே மேலே வந்தால் சரி. தீயை மிதமாக்கி, நாலைந்தாகப் போட்டுப் பொரியுங்கள். சலசலப்பு அடங்கும்வரை எடுக்காதீர்கள். அந்தச் சத்தமே மாவிலிருக்கும் ஈரம் ஆவியாகிப் போகிற சத்தம்தான். பாதியில் எடுத்தால் மேலே சிவந்திருக்கும், உள்ளே மெத்தென்று இருக்கும். நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போட்டு மூட வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி வியர்த்து அத்தனையும் வீண்.

இரண்டாம் படி: சட்னிகள்

செட்டின் ருசி முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது.

சிவப்புச் சட்னிக்கு 10 காய்ந்த மிளகாயை வெந்நீரில் 20 நிமிடம் ஊறவையுங்கள். காரம் அதிகம் வேண்டாம் என்பவர்கள் பாதிக்குக் காஷ்மீரி மிளகாய் போடலாம், நிறமும் நன்றாக வரும். 10 பல் பூண்டைக் கொஞ்சம் எண்ணெயில் வாசனை வரும்வரை மட்டும் வதக்குங்கள். பூண்டு சிவக்கக் கூடாது, கசந்துவிடும். மிளகாய், பூண்டு, சுண்டைக்காய் அளவு புளி, உப்பு சேர்த்து மையாக அரையுங்கள். மிக்ஸி சுற்றவில்லை என்றால் மிளகாய் ஊறிய தண்ணீரை ஒவ்வொரு கரண்டியாக விடலாம்.

பச்சைச் சட்னிக்கு ஒரு கைப்பிடி கொத்தமல்லி, அரைக் கைப்பிடி புதினா, 3 பச்சை மிளகாய், சிறு துண்டு இஞ்சி, உப்பு, பாதி எலுமிச்சைச் சாறு. தழையைக் கழுவியதும் துணியில் பரப்பி ஈரம் போக விடுங்கள். 1 மேசைக்கரண்டி பொட்டுக்கடலை சேர்த்து அரைத்தால் சட்னி கெட்டிப்படும். கரண்டியைக் கவிழ்த்தாலும் சட்டென்று விழாத பதம்தான் கணக்கு.

மூன்றாம் படி: காய்

கேரட் 2, பீட்ரூட் 1, இரண்டையும் மெல்லிய துருவலாகத் துருவி, பீட்ரூட்டை மட்டும் கையால் பிழிந்துவிடுங்கள். பெரிய வெங்காயம் 2, பொடியாக நறுக்கியது. இவற்றில் முன்கூட்டியே உப்புப் போடாதீர்கள். உப்புப் பட்டதும் காய் தண்ணீர் விட ஆரம்பித்துவிடும். மாங்காய் கிடைக்கிற மாதங்களில் கிளிமூக்கு மாங்காயைத் துருவிச் சேர்த்துப் பாருங்கள், எலுமிச்சையே தேவைப்படாது.

நான்காம் படி: அடுக்குவது

எல்லோரும் உட்கார்ந்த பிறகே அடுக்கத் தொடங்குங்கள். ஒரு வடையில் சிவப்புச் சட்னியை லேசாகத் தடவி, மேலே வெங்காயம், துருவல்கள், ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு சொட்டு எலுமிச்சை. இன்னொரு வடையில் பச்சைச் சட்னி தடவி, அதைக் கவிழ்த்து மூடுங்கள். உடனே வாயில் போட்டுவிட வேண்டும், கடித்துக் கடித்துச் சாப்பிட்டால் பாதி கீழே கொட்டிப் போகும். ஐந்தாறு பேர் இருந்தால் எல்லாவற்றையும் நடுவில் வைத்து, அவரவர் செட்டை அவரவரே போட்டுக்கொள்ளச் சொல்லலாம். அதுதான் எனக்குப் பிடித்த முறை.

உடைந்த வடைகள் எப்படியும் மிஞ்சும். அவற்றை நொறுக்கி, இரண்டு சட்னியிலும் ஒவ்வொரு கரண்டி விட்டு, மிச்சமிருக்கும் காய், வறுத்த வேர்க்கடலை, ஒரு கை பொரி சேர்த்துக் கிளறினால் நொறுக்கல் தயார். சேலத்து வண்டிகளில் இதையும் தனியாகக் கேட்டு வாங்குவார்கள். மீதிச் சட்னியை மூடி போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் சிவப்பு நாலைந்து நாள் தாங்கும். பச்சையை மறுநாளே தீர்த்துவிடுங்கள்.