பழைய லென்ஸ் வாங்கப் போகிறீர்களா, டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள்

போன ஞாயிறு விடியற்காலை, காசிமேட்டில் ஒரு தம்பி தன் புது லென்ஸைக் காட்டினான். புது என்றால் அவனுக்குப் புது. யாரோ விற்ற 85 எம்எம் (இந்த எண் கூடக் கூட லென்ஸ் காட்சியை நெருக்கிக் காட்டும்). "பாதி விலைக்குக் கிடைச்சுது அண்ணா." வாங்கி, போன் டார்ச்சைப் பின்னால் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள். இதேபோல் ஒரு பழைய லென்ஸுக்கு நான் கொடுத்த 11,000 ரூபாய் ஞாபகம் வந்துவிட்டது.

புதிதாகக் கேமரா பிடிப்பவர்கள் செய்யும் தவறுகளில், மூடியைத் தொலைப்பது, சார்ஜ் போடாமல் கிளம்புவது எல்லாம் பட்டால் தானே திருந்தும். அவற்றை விட்டுவிடுகிறேன், வாங்கும்போது செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பூஞ்சையைத் தூசி என்று நம்புவது

அந்த லென்ஸை நான் வாங்கியது ஒரு டீக்கடை வாசலில், ட்யூப்லைட் வெளிச்சத்தில். உள்ளே ஏதோ மங்கலாகத் தெரிந்தது. "தூசிதான் சார், எல்லா லென்ஸ்லயும் இருக்கும்" என்றார் விற்றவர். இருக்கும்தான். நாலு தூசி படத்தில் தெரியவும் தெரியாது. அதனால்தான் நம்பினேன். வீட்டுக்கு வந்து வெயிலுக்கு எதிரே எடுத்த படமெல்லாம் பால் ஊற்றினாற்போல் வெளுத்தது. மூன்று மாதம் நான் வைத்த வெளிச்ச அளவையே (எக்ஸ்போஷர்) திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பிரித்துத் துடைக்க 2,500. பூஞ்சை போயிற்று, அதன் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சில் (கோட்டிங்) அரித்த தடம் இன்னும் இருக்கிறது. இன்றைக்கும் அந்த "தூசிதான் சார்" காதில் விழுந்தால் எரிச்சலாக வரும்.

பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். இரண்டு மூடிகளையும் கழற்றுங்கள். லென்ஸுக்குள் வெளிச்சம் புகும் துளை (அப்பர்ச்சர்) முழுதாகத் திறந்திருக்க வேண்டும். நிக்கானின் ஜி வகை லென்ஸ் கேமரா பாடியிலிருந்து கழன்றதும் துளையைச் சுருக்கிக்கொள்ளும், பின்னால் இருக்கும் சின்ன நெம்புகோலை விரலால் தள்ளிப் பிடியுங்கள். டார்ச்சை ஒரு பக்கமாகச் சாய்த்து அடித்து, மறுபக்கமிருந்து பாருங்கள். புள்ளி புள்ளியாக இருந்தால் தூசி. கிளை விட்டு ஓடினால் பூஞ்சை. விற்பவர் டார்ச் அடிக்க விடவில்லையா, டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

நல்ல லென்ஸ் வாங்கினாலும் வேலை முடியவில்லை. பூஞ்சை ஒரு லென்ஸிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறார்கள். ஆனால் அதன் வித்து காற்றிலேயே இருக்கிறது. அதற்கு வேண்டியது ஈரமும் இருட்டும். ஐப்பசி மழையில் கேமரா பையை பீரோவுக்குள் தள்ளினால் இரண்டும் கிடைத்துவிடும், பையின் ஸ்பாஞ்ச் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முறுக்கு போட்டு வைக்கிற காற்றுப்புகா டப்பா, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள், ஒரு சின்ன ஈரப்பதமானி, இவ்வளவுதான். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் நிற்கட்டும். சிலிக்கா ஜெல்லின் ஆரஞ்சு மணிகள் பச்சையானால் மாற்றுங்கள். அரிசி போடச் சொல்வார்கள், வேண்டாம். மாவுத்தூசி லென்ஸில் ஏறும்.

மோட்டார் பார்க்காமல் வாங்குவது

நிக்கான் டி3500, டி5600 போன்ற பாடிகளுக்குள், படத்தைத் தானாகத் தெளிவாக்கும் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கும், தனக்குள்ளும் மோட்டார் இல்லாத பழைய 50 எம்எம் 1.8டி லென்ஸ் அதில் பொருந்தும், படமும் எடுக்கும், ஆட்டோஃபோகஸ் மட்டும் வேலை செய்யாது. ஏஎஃப்-எஸ் (மோட்டார் உள்ளே இருக்கிறது என்று பொருள்) என்று லென்ஸிலேயே எழுதியிருக்கிறதா பாருங்கள். தவிர, படத்தைப் பிடிக்கும் சென்சார் சின்னதாக உள்ள இந்தப் பாடிகளில் 50 எம்எம் கிட்டத்தட்ட 75 எம்எம் மாதிரி நெருக்கிக் காட்டும். வீட்டு ஹாலில் குடும்பப் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்தால் முதுகு சுவரில் இடிக்கும். வீட்டுக்குள் எடுப்பதே அதிகம் என்றால் 35 எம்எம் தேடுங்கள்.

ஷட்டர் கவுண்ட் கேட்காதது

பழைய கேமராவின் ஷட்டர் இதுவரை எத்தனை தடவை திறந்து மூடியது என்ற கணக்கு அது. கூச்சப்படாமல் கேளுங்கள்.

இருநூறு ரூபாய் யூவி ஃபில்டர்

லென்ஸின் முன்னால் மாட்டும் இந்தக் கண்ணாடியோடு இரவில் தெருவிளக்கை ஒருமுறை எடுத்துப் பார்த்தால், படத்தில் விழும் பிரதிபலிப்பைக் கண்டு நீங்களே கழற்றிவிடுவீர்கள்.

ட்ரைபாட்

இந்த முக்காலி, நடுத்தண்டை ஏற்றாமல் உங்கள் நெஞ்சு உயரமாவது வரவேண்டும்.

பை

கடைசியில் வாங்கலாம்.