வகுப்புக்கு ஒரு வலைப்பூ: புதிதாகத் தொடங்கும் தமிழாசிரியர்களுக்கு

பெருந்தொற்றால் பிள்ளைகள் வீட்டிலிருந்தே படித்த இல்லிருப்புக் கற்றல் காலத்தில் என் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் இரவு பத்து மணிக்குத்தான் பாடம் பார்ப்பான். வீட்டில் இருந்தது ஒரே கைத்தொலைபேசி. பகலெல்லாம் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அவனுக்காகத்தான் வலைப்பூ தொடங்கினேன். பினாங்கில் இன்றும் இணைய வகுப்பு நடத்துகிறவர்களுக்கு இது உதவும்.

முதலில் கூகுள் கணக்கு வழியாக, அதன் வலைப்பூத் தளமான பிளாகரில் நுழையுங்கள். தலைப்பைத் தமிழிலேயே வைக்கலாம், முகவரிக்கு மட்டும் ஆங்கில எழுத்து. அது சின்னதாக இருக்கட்டும். பக்கத்தின் தோற்றத்துக்கான வார்ப்புரு எதுவானாலும் சரி. அதிலேயே ஒரு மாலையைச் செலவழிக்காதீர்கள்.

அடுத்தது பாதுகாப்பு. இதில் அவசரம் கூடாது. அமைப்புகளுக்குப் போய், தேடுபொறிகளில் தெரியாதபடி மாற்றுங்கள். முகவரி தெரிந்தவர்கள் அப்போதும் வரலாம் என்பதை மறக்க வேண்டாம். கணக்கு இல்லாதவரும் கருத்து எழுத இடம் கொடுங்கள். ஆனால் நீங்கள் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே அது வெளிவர வேண்டும். பெயர் கேட்கும் இடத்தில் முதலெழுத்து போதும். முழுப் பெயரும் முகம் தெரியும் படமும் வேண்டவே வேண்டாம்.

தமிழில் தட்டச்சு செய்யச் செல்லினம் செயலியைக் காட்டிக் கொடுங்கள். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கியது என்று சொன்னால் பிள்ளைகள் முகம் மலரும்.

இனி பதிவு. ஒரு படம், ஐந்தாறு வரி, ஒரு கேள்வி. கேள்விதான் உயிர். "தைப்பூசம் பற்றி எழுதுக" என்றால் எங்கிருந்தாவது எடுத்து ஒட்டுவார்கள். நான் கேட்டது இது: "வெள்ளி ரதம் வரும் வழியில் தேங்காய் உடைத்தபோது நீ எங்கே நின்றாய்?" ஒருத்தி எழுதினாள்: "தேங்காய்த் தண்ணீர் என் பாவாடையை நனைந்தது. பக்கத்தில் நின்ற சீனத் தாத்தா சிரித்தார்."

பிழையை எல்லார் முன்னும் சுட்டிக்காட்டாதீர்கள். "அடடா, பாவாடையை நனைத்துவிட்டதா? வேறு எதையெல்லாம் நனைத்தது?" என்று பதில் போட்டேன். அடுத்த பதிலில் அவளே "நனைத்தது" என்று எழுதினாள். மறுவாரம் தன்வினை, பிறவினைப் பாடத்தை அந்தப் பாவாடையிலிருந்தே தொடங்கினோம்.

ஒவ்வொருவரும் இன்னொருவரின் கருத்துக்கு ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும் என்று விதி வையுங்கள்.

திங்கட்கிழமை பதிவேற்றி, இணைப்பை வகுப்பின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போடுங்கள். வெள்ளி இரவு வரை அவகாசம் கொடுங்கள். தாளில் எழுதிப் படம் அனுப்பும் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்கள் பதிலை நீங்களே தட்டச்சு செய்து ஏற்றிவிடுங்கள்.