காட்டின் ஒரு நாள்: பிள்ளைகளுக்கான படப்புத்தகத்தை வீட்டில் செய்யும் முறை

யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பிள்ளையொன்று யானையையோ கரடியையோ காட்டில் காண வேண்டுமானால் ஆனையிறவைக் கடந்து தெற்கேயுள்ள வன்னிப் பெருநிலத்துக்குப் போக வேண்டும். ஆகவே நாம் வரையும் காடும் வன்னிக் காடாகவே இருக்கட்டும். இலங்கைக் காடுகளில் சிங்கமும் வரிப்புலியும் இல்லாததால் அவற்றை முதலிலேயே விட்டுவிடலாம். சிறுத்தை இருக்கிறது, அது போதும்.

இத்தகைய புத்தகங்களில் பலரும் விடும் பிழை, எல்லா விலங்குகளையும் காலையில் எழுப்பிப் பல் துலக்க வைத்து இரவில் உறங்க வைப்பதாகும். நானும் முதல் முயற்சியில் தேவாங்கை நண்பகல் வெயிலில் உலவ விட்டேன். அதுவோ பகலெல்லாம் கிளைகளுக்கிடையில் சுருண்டு உறங்கி, இருட்டிய பின்பே பூச்சி தேடிப் புறப்படும் பிராணி. ஒவ்வொரு விலங்கும் எப்போது விழித்திருக்கும் என்பதை எழுதிக்கொண்ட பின்பே பென்சிலை எடுக்க வேண்டும்.

நான்கு ஏ4 தாள்களை அடுக்கி நடுவில் மடித்தால் 16 பக்கங்கள் கிடைக்கும். முதற்பக்கத்தைத் தலைப்புக்கு ஒதுக்கி, கடைசிப் பக்கத்தைப் பிள்ளை வரைவதற்கு விட்டால், எதிரெதிர்ப் பக்கங்களாக ஏழு சோடிகள் எஞ்சும். அவையே நம் ஏழு பொழுதுகள். விடியலில் மயில் மரத்திலிருந்து இறங்குகிறது. காலையில் மந்திகள் இலைகளைக் கடித்து உதிர்க்க, கீழே புள்ளிமான்கள் கூடி அவற்றை மேய்கின்றன. மேலிருக்கும் மந்தி சிறுத்தையைக் கண்டு கத்தினால் மான்களும் உஷாராகிவிடும் என்பதால், இந்த ஒரு படத்திலேயே ஒரு கதை இருக்கிறது. நண்பகலில் மான்கள் நிழலில் படுத்து அசைபோடும். பின்னேரம் யானைகள் குளத்துக்கு வரும். அந்திக்கு மயில் மீண்டும் மரமேறும். அதன்பின் தேவாங்கின் முறை; நள்ளிரவிலோ கறையான் புற்றைத் தோண்டும் கரடி. பாலைப்பழக் காலமாயின் கரடியை மரத்தில் ஏற்றிவிடுங்கள், சந்தையில் அப்பழத்தை வாங்கித் தின்ற பிள்ளைக்கு அது உடனே விளங்கும்.

யானையை 8ஆம், 9ஆம் பக்கங்களில் வரைவதற்குக் காரணமுண்டு. நடுப்பக்கச் சோடி மட்டுமே ஒரே தாளில் அமைவது. மற்றச் சோடிகளில் இடப்பக்கம் ஒரு தாளிலும் வலப்பக்கம் வேறொரு தாளிலும் வருவதால், இரண்டிலும் பரவும் பெரிய உருவம் மடிப்பில் பொருந்தாமற் போகும். வரையுமுன் தாள்களை மடித்தபடியே பக்க எண்களை இட்டுக்கொண்டால் குழப்பம் வராது.

பக்கத்துக்கு ஓரிரு சிறு வசனங்கள் போதும். “யானை பிளிறுகிறது”, “மயில் அகவுகிறது” என ஒலிக்குரிய சொல்லை அப்படியே எழுதுங்கள். அம்மம்மா வாசித்துக் காட்டும்போது பிள்ளை அந்த ஒலியைத் தானே எழுப்பிப் பார்க்கும். அறிவுரைகளைச் சேர்க்க வேண்டாம்.

சாதாரணத் தாள் தைக்கும் கருவி நடு மடிப்புவரை எட்டாது. தடித்த மட்டையொன்றை அட்டையாகச் சுற்றி, மடிப்பில் மூன்று துளைகளிட்டு, தடித்த நூலால் தைத்து உட்புறத்தில் முடிச்சிடுங்கள்.