முகத்தைப் பார்க்காமல் கையைப் பாருங்கள்

கோயில் சிற்பம் யாருடையது என்று விரைவில் அறிய, முதலில் பின்கைகளில் உள்ள பொருள்களையும், பிறகு ஊர்தியையும் பாருங்கள். மானும் மழுவும் என்றால் சிவன், சங்கும் சக்கரமும் என்றால் பெரும்பாலும் திருமால். துர்க்கையும் இவ்விரண்டையும் ஏந்துவாள் என்பதால், காலடியில் எருமைத்தலை உள்ளதா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

முகங்களைச் சிற்பிகள் ஏறக்குறைய ஒரே அழகு இலக்கணத்தின்படி வடித்தார்கள்; ஆளை வேறுபடுத்திக் காட்டும் பொறுப்பைச் சிற்ப நூல்கள் கைப்பொருளுக்கும் முத்திரைக்கும் ஊர்திக்குமே கொடுத்திருந்தன. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் உள்ள கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயிலில் இதை அழகாகப் பழகிக்கொள்ளலாம்: அன்னத்தின் மேல் அமர்ந்திருப்பவள் ரதி, கையில் நாகக்கணை வைத்திருப்பவன் கர்ணன். நாயக்கர் காலத்துக் கல்லில் அந்தக் கணையின் பாம்பு வடிவத்தைக் காண்பதற்காகவே அங்கே ஒருமுறை போகலாம்.

கைகள் உடைந்த சிலைகளுக்கும், ஆயுதம் ஏந்தாத தீர்த்தங்கரர்களுக்கும் (சமண சமயத்தின் குருமார்கள்) இம்முறை உதவாது. கழுகுமலைப் பாறையில் உள்ள தீர்த்தங்கரர்களைத் தலைக்கு மேலுள்ள முக்குடையை, அதாவது மூன்றடுக்குக் குடையைக் கொண்டும், அவர்களில் ஒருவரான பார்சுவநாதரைத் தலைக்கு மேல் விரிந்த பாம்புப் படத்தைக் கொண்டும் அறிய வேண்டும். அதே மலையின் வெட்டுவான் கோயிலில் தட்சிணாமூர்த்தி, வழக்கத்துக்கு மாறாக, மிருதங்கம் வாசிக்கிறார். அங்கே கைப்பொருளை நம்பாமல், அவர் தெற்கு நோக்கி அமர்ந்திருப்பதை அடையாளமாகக் கொள்ளுங்கள்.