மைக்ரோஃபிலிம் சுருளைக் கெடுக்கும் தவறுகள்

மைக்ரோஃபிலிம் என்பது ஆவணப் பக்கங்களை மிகச் சிறிதாகப் படம் பிடித்து வைக்கும் ஃபிலிம் சுருள். பாலியெஸ்டர் அடித்தளமும் வெள்ளி ஜெலட்டின் பூச்சும் கொண்ட சுருள், முறையாகக் கழுவி முறையாக வைத்தால் 500 ஆண்டு தாங்கும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு பெரும்பாலும் கழுவும் தொட்டியிலேயே பொய்த்துவிடுகிறது.

தண்ணீரிலோ நேரத்திலோ மிச்சம் பிடித்தால் படத்தை நிலைநிறுத்தப் பயன்படும் ஹைப்போ, அதாவது தயோசல்ஃபேட் என்ற ரசாயனம், ஃபிலிமிலேயே தங்கிவிடும். அன்றைக்குப் பார்த்தால் படம் பளிச்சென்றுதான் இருக்கும். நாளடைவில் ஹைப்போ வெள்ளியை அரிக்க, நெகட்டிவின் கறுத்த பின்புலம் பழுப்பேறி வெளிறும். எழுத்துக்கும் பின்புலத்துக்கும் வேறுபாடு தெரியாமல் போகும். கழுவிய இரண்டு வாரத்துக்குள் மிஞ்சிய ஹைப்போவை அளக்கும் மெத்திலீன் நீலச் சோதனையைச் செய்துவிட வேண்டும். சதுர மீட்டருக்கு 0.014 கிராமுக்கு மேல் ஹைப்போ இருந்தால் அது நிரந்தரப் பாதுகாப்புக்கு ஆகாது. தாமதமாகச் செய்தால் எச்சம் உருமாறி, சோதனை பொய் சொல்லும்.

படம் பிடித்த கையோடு மூலத்தாள்களைத் திருப்பி அனுப்புவது அடுத்த தவறு. சுருளின் தொடக்கத்தில் படமெடுத்த, நுண்கோடுகள் கொண்ட சோதனை அட்டையை நுண்ணோக்கியில் பாருங்கள்: கிடைக்கோடும் நெடுக்கோடும் இரண்டுமே தனித்தனியாகப் பிரிந்து தெரிய வேண்டும். ஒரு திசையில் மட்டும் குழம்பினால் கேமராவோ ஃபிலிமோ அசைந்திருக்கலாம். பிறகு பக்கம் பக்கமாகச் சரிபாருங்கள். இரண்டு தாள் ஒட்டிப் புரண்டிருந்தால் அது இங்கேதான் பிடிபடும். அலுப்பான வேலைதான், குறுக்குவழி கிடையாது.

ஒரே பிரதியோடு நிறுத்துவதும் கூடாது. கேமராவில் ஓடிய மூல நெகட்டிவ், ஃபிலிமைப் பெரிதாக்கிக் காட்டும் ரீடர் கருவியின் பக்கமே போகக்கூடாது. ஒரே ஓட்டத்தில் கீறல் விழும். அதிலிருந்து ஒரு நகல் நெகட்டிவ், அதிலிருந்து வாசகர் பிரதி. மூலத்தை வேறு கட்டடத்தில் வையுங்கள். வாசகர் பிரதி, வெள்ளிக்குப் பதில் சாயத்தால் படம் பதியும் டயஸோ ஃபிலிமாக இருக்கலாம், ஆனால் வெள்ளிச் சுருளோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

சுருளை ரப்பர் பேண்டால் கட்டுகிறார்கள். ரப்பரில் கந்தகம் உண்டு, அது வெள்ளிக்கு எமன். அமிலமற்ற காகிதப் பட்டை போதும். மலிவான அட்டைப்பெட்டியும் புதிதாகப் பெயின்ட் அடித்த அறையும் பெராக்சைடு வாயுவை விடும். அதனால் வரும் சிவப்பு, மஞ்சள் நுண்புள்ளிகள் பெரும்பாலும் சுருளின் வெளிச்சுற்றில்தான் முதலில் தலைகாட்டும்.

வெப்பம் 21 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது, அந்த வெப்பத்தில் ஈரப்பதம் 20 முதல் 30 சதவீதம். இரவில் ஏசியை அணைத்துக் காலையில் போடுவது, சற்றே கூடுதலான நிலையான வெப்பத்தைவிட மோசம். பாலியெஸ்டருக்கு முன் புழங்கிய அசிட்டேட் அடித்தளச் சுருளில் வினிகர் வாடை அடித்தால் அதை உடனே தனியே பிரித்து நகலெடுங்கள். அந்த ஆவி பக்கத்துச் சுருள்களையும் கெடுக்கும்.

குளிரறையிலிருந்து எடுத்த டப்பாவை அப்போதே திறந்தால் ஃபிலிம் வியர்க்கும். மூடியபடியே ஒரு நாள் வெளியறையில் இருக்கட்டும்.