பழைய என்டர்பிரைஸ் படகின் கசிவை அடைத்தது எப்படி

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு கொட்டகையில் கிடந்த பந்தயப் பாய்ப்படகு என் கைக்கு வந்தது. 13 அடிக்குச் சற்று மேல் நீளம், பிளைவுட் உடல், பக்கத்துக்கு இரண்டு மடிப்பு, வெளிர்நீலப் பாய். ஜாக் ஹோல்ட் 1956இல் வடிவமைத்த என்டர்பிரைஸ்தான். 1982 ஆசிய விளையாட்டில் இந்த வகைக்கே தனிப் போட்டி இருந்தது. அப்படிப்பட்ட படகை விறகாக விட மனசு வரவில்லை.

கடலில் இறக்கினால் தண்ணீர் ஏறியது. கரையில் நன்றாக முட்டுக்கொடுத்து, படகுக்குள் நாலு விரல் அளவு தண்ணீர் ஊற்றினேன். வெளியே சொட்டிய இடங்களில் சாக்பீஸ் கோடு. பெரும்பாலும் சென்டர்போர்டு (படகு பக்கவாட்டில் நகராமல் இருக்க நடுவில் தண்ணீருக்குள் இறக்கும் பலகை) நிற்கும் பெட்டி அடித்தளத்தோடு சேரும் மூட்டில்தான். காற்று பாயைத் தள்ளும்போதெல்லாம் அந்தப் பலகை பெட்டியை நெம்புகிறது. பழைய மரப்படகுகள் அங்கேதான் முதலில் விட்டுப்போகும்.

"பஞ்சுத்திரி அடைச்சிருவோமா தம்பி?" என்றார் வத்தை என்னும் மீன்பிடி மரப்படகு கட்டும் ஆசாரி.

"வேணாம்ணே, பிளைவுட் அடுக்கு பிரிஞ்சிரும்" என்றேன். வத்தையின் பலகை ஊறி உப்பித் திரியை இறுக்கும். பிளைவுட் அப்படி உப்பாது.

பழைய பசையைச் சுரண்டி, நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவினேன். உப்பு தங்கினால் மரம் காயவே காயாது. நிழலில் வாரக்கணக்கில் உலர்த்தி, எபாக்சி பசையில் மரத்தூள் குழைத்து மூட்டை நிரப்பி, மேலே கண்ணாடியிழை நாடா ஒட்டினேன். வெயில் எபாக்சியைத் தின்னும், அதனால் பெயிண்ட் கட்டாயம்.

படகை மிதக்கவைக்கும் மூடிய காற்றறைகளுக்குச் சோப்புநீர் தடவி, குழாயில் வாயால் ஊதிப் பாருங்கள்; குமிழி வரும் இடத்தில் கசிவு. கம்ப்ரசர் வைத்தால் அறை பிளந்துவிடும். ஓட்டி முடித்ததும் உள்ளே ஈரம் காய அறை மூடிகளைத் திறந்துவைப்பேன்.